பெருமை ஃபார்வர்டும் காலிக் கல்லும்

அந்தப் படம் உங்களுக்கும் வந்திருக்கும். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிற கற்பலகை, உச்சியில் ரெண்டு டிராகன், கீழே மஞ்சள் எழுத்தில் "சீனனே தமிழில் கல்வெட்டு வைத்தான், தமிழன்டா! உண்மைத் தமிழனா இருந்தா ஷேர் பண்ணு". எங்கள் வாசிப்பு வட்டத்தின் குழுவில் ஒரே மாதத்தில் நாலு தடவை விழுந்தது. நாலாவது தடவை எங்களுக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் கட்டுரை அதன் விளைவு.

முதலில் கல்லைப் பற்றிப் பேசிவிடுவோம். ஷேர் பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் அதில் என்ன இருக்கு என்று பார்த்ததே இல்லை.

செங் ஹே என்கிற சீனக் கடற்படைத் தளபதி 1405க்கும் 1433க்கும் இடையில் ஏழு தடவை இந்தப் பக்கம் கப்பல் கூட்டத்தோடு வந்தார். அதில் ஒரு தடவை கொண்டுவந்த கல்தான் இது. அதிலிருக்கிற திகதி 1409 பெப்ரவரிக்குச் சரியாக வருது. சீனாவிலேயே செதுக்கிக் கப்பலேற்றிய கல் என்பதுதான் ஆய்வாளர்கள் பலரது கருத்து. மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். மூன்றும் ஒரே விஷயத்தின் மொழிபெயர்ப்பு என்று நினைத்தால் அதுவும் தப்பு. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்லுது. தமிழ்ப் பகுதி தெவிநுவரவில் திருமாலாக வணங்கப்பட்ட தெனாவரை நாயனாருக்குச் சொல்லுது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பக்கம் பேசுது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. யாருக்கும் கூடக் குறையக் குடுக்கலை. கெட்டிக்கார அரசியல்.

அன்பு என்று மட்டும் நினைத்துவிடாதீங்க. கல்லைக் கொண்டுவந்த அதே கடற்படை, ரெண்டொரு வருஷத்துக்குள் இங்கே சண்டை போட்டு, அழகக்கோனாரைப் பிடித்து சீனாவுக்கே கொண்டுபோனது. ஒரு கையில் பட்டு, மறு கையில் வாள்.

பிறகு கல்லுக்கு என்ன ஆச்சு? 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்ணில் படும்போது அது சாலையோர வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. மேலே வண்டி மாடுகள் போய்க்கொண்டிருந்தன. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் அதன் மேல் நடந்திருப்பாங்க. இன்னைக்குக் குழுவில் சண்டை போடுகிற எல்லாருடைய பாட்டன்மாரும்.

இனி ஃபார்வர்டுக்கு வருவோம். சீனப் பேரரசன் தமிழை மதித்து வைத்தானாம். எங்கள் வாசிப்பு வேறு. தமிழ் அந்தக் கல்லில் ஏறியது, இந்தக் கடலில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் கணிசமானவர்களுக்குத் தமிழ் புரிந்த காரணத்தால். ஐந்நூற்றுவர், நானாதேசி என்ற பெயர்களோடு இயங்கிய வணிகக் குழுக்களின் தமிழ்க் கல்வெட்டுகள் இலங்கையில் இருக்கு; சுமாத்திராவில் பாருஸ் என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கு. சீனத் துறைமுகம் சுவான்சௌவில் 1281இல் தமிழ் வணிகர்கள் சிவன் கோயிலுக்கு வைத்த கல்வெட்டும் கிடைத்திருக்கு. ஆக, காலிக் கல்லில் வெட்ட வேண்டிய தமிழை எழுத சீனாவில் யாரோ ஒருத்தர் இருந்திருக்கார். வியாபாரியா, துபாஷியா, கோயில் பூசாரியா, ஒன்றும் கல்லில் இல்லை. பேரரசர் பெயர் இருக்கு. கல் பேசுவதற்குக் காரணமான ஆளுடைய பெயர் இல்லை. ஷேர் பண்ணுகிறவர்களும் அந்த ஆளைத் தேடவில்லை. அவர்களுக்கு வேண்டியது அரசன்.

இதுதான் எங்கள் முதல் சண்டை. ஓர் ஊரின் அறிவு இன்னோர் ஊருக்கு எப்படிப் போகுது என்று கேட்டால், பாடப்புத்தகமும் ஃபார்வர்டும் "பரவியது" என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கின்றன. பௌத்தம் பரவியது. எண்கள் பரவின. என்னமோ அடுப்புப் புகை மாதிரி. நாங்கள் தேடிப் பார்த்தவரை எதுவும் தானாகப் பரவவில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போயிருக்காங்க. போகிற வழியில் பட்டினி கிடந்திருக்காங்க, பாஷை கத்திருக்காங்க, பயந்திருக்காங்க.

பாஹியானை எடுத்துக்கொள்ளுங்க. பௌத்த நூல்களைத் தேடிச் சீனாவிலிருந்து கால்நடையாக இந்தியா வந்து, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெண்டு வருஷம் இலங்கையில் தங்கினவர். அனுராதபுரத்தில் ஒரு வியாபாரி, புத்தர் சிலைக்கு முன்னால் சீனத்து வெள்ளைப் பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைப்பதைப் பார்த்ததும் அழுதுவிட்டதாகத் தன் பயணக் குறிப்பில் எழுதுறார். ஊரை விட்டு வந்து அத்தனை வருஷம். திரும்பிப் போகும்போது புயல். கப்பலில் இருந்தவர்கள் பாரத்தைக் குறைக்கச் சரக்கைக் கடலில் வீச, தன் ஏடுகளையும் வீசிவிடுவாங்களோ என்று நடுங்கிக்கொண்டு நிற்கிறார். அடுத்த கப்பலில், இந்த ஆளால்தான் புயல் என்று சொல்லி ஏதாவது தீவில் இறக்கிவிடலாமா என்றே பேசிக்கொள்றாங்க. "பரவியது" என்ற சொல்லுக்குள்ளே இதெல்லாம் அடங்கிக் கிடக்கு.

இதைவிட எங்களை உலுக்கியது பிக்குணிகளின் கதை. 429இல் நந்தி என்ற ஒரு கப்பல் தலைவன் இலங்கையிலிருந்து சில பிக்குணிகளைத் தென்சீனத் தலைநகருக்கு, அதாவது இன்றைய நான்ஜிங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். சீனப் பெண்களுக்கு முறைப்படி துறவு கொடுக்க வேண்டும். ஆனால் விதிப்படி பத்துப் பேர் வேண்டும், வந்தவர்கள் தொகை போதாது. என்ன செய்றது? காத்திருந்தாங்க. காத்திருந்த காலத்தில் சீனம் கத்துக்கொண்டாங்க. 433இல் அதே நந்தியின் கப்பலில் அடுத்த கூட்டம் வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் துறவேற்றார்கள். அங்கே அந்தப் பரம்பரை அறவில்லை. கிழக்காசியாவில் இன்றும் தொடருது. இங்கேயோ 11ஆம் நூற்றாண்டு வாக்கில் பிக்குணிச் சங்கம் அழிந்துபோச்சு. சுமார் ஆயிரம் வருஷம் இலங்கையில் பிக்குணிகளே இல்லை. 1996இல் சாரநாத்திலும் 1998இல் புத்தகயாவிலும் இலங்கைப் பெண்கள் மறுபடி முழுத் துறவு ஏற்றபோது, அதை அவர்களுக்குக் கொடுக்க வந்தவர்களில் கொரிய, சீனப் பரம்பரைப் பிக்குணிகளும் இருந்தாங்க. இங்கிருந்து கப்பலேறிப் போனது, ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்து வீடு திரும்பியிருக்கு. இந்தத் துறவு செல்லுமா செல்லாதா என்று இன்னும் சில பெரியவர்கள் வாதம் பண்ணிக்கொண்டிருப்பது தனிக்கதை.

கொடுத்தவன் பெரியவன், வாங்கியவன் சின்னவன் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த வரவுசெலவை எந்தப் பக்கத்தில் எழுதுவாங்க?

அடுத்தது இலக்கணம். இதில் நாங்கள் கொஞ்சம் நின்று பேசியே ஆகணும். இந்த நாட்டில் மொழிச் சண்டைக்கு எவ்வளவு விலை கொடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

காஞ்சிபுரத்தில், 700ஆம் ஆண்டை ஒட்டி, தண்டி என்று ஒரு புலவர். எழுதினது சமஸ்கிருதத்தில். செய்யுளும் அணியும் எப்படி அமையணும் என்று சொல்கிற காவ்யாதர்சம் அவருடையது. அது போன ஊர்களைப் பாருங்க. 9ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் கவிராஜமார்க்கம் அதை அடியொற்றி வருது. ஏறக்குறைய அதே காலத்தை ஒட்டிச் சிங்களத்தில் சியபஸ்லகர. அந்தத் தலைப்பின் பொருளே 'சொந்த மொழியின் அணி' என்பதுதான். இலங்கையில் பாளியில் எழுதப்பட்ட சுபோதாலங்காரமும் தண்டியைப் படித்தே எழுதப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் திபெத்துக்கு மொழிபெயர்ப்பாகப் போய், அங்கே மடங்களில் பாடமாகிவிட்டது. தமிழில் தண்டியலங்காரம் என்று முழு நூலாக வந்தது 12ஆம் நூற்றாண்டில். கணக்குப் பார்த்தால், காஞ்சிபுரத்துச் சரக்கு தமிழில் முழு நூலாவதற்கு முன்னாலேயே சிங்களத்தில் நூலாகிவிட்டது! இதை எந்த ஃபார்வர்டிலாவது பார்த்திருக்கீங்களா? எந்தப் பக்கத்து ஃபார்வர்டிலும் வராது. ரெண்டு பக்கத்துக்கும் இதில் லாபமில்லை.

இன்னொன்று. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் என்ற தமிழ்ப் பௌத்தர் வீரசோழியம் என்று ஒரு தமிழ் இலக்கணம் எழுதுறார். பெயர் சோழ மன்னன் வீரராசேந்திரனுக்காக. அந்த மன்னனின் படை அப்போது இலங்கையில் முதலாம் விஜயபாகுவோடு மோதிக்கொண்டிருக்கு. போர்க்களத்தில் ரத்தம் ஓடுது, ஏட்டில் இலக்கணம் ஓடுது. ரெண்டு நூற்றாண்டு கழித்து தம்பதெனியக் காலத்தில் சிங்களத்தின் அடிப்படை இலக்கணமான சிதத் சங்கராவ எழுதப்படும்போது, அதன் ஆசிரியர் வீரசோழியத்தைக் கையில் வைத்திருந்தார் என்று மொழியியலாளர்கள் காட்டுறாங்க. எதிரி ராஜாவின் பெயர் தாங்கிய புத்தகம் என்று அவர் தூக்கிப் போடலை. உபயோகமான பக்கத்தை எடுத்துக்கொண்டார், தன் மொழிக்கு ஒத்து வராததை விட்டார்.

"பார்த்தியா, சிங்கள இலக்கணமே தமிழில இருந்துதான்" என்று இதைக் கேட்டவுடன் ஒரு தம்பி துள்ளினார். தம்பி, உட்காருங்க. வீரசோழியம் தன் அணியியலைத் தண்டியிடமிருந்து எடுத்தது. தன் இலக்கணத்தின் பெரும் பகுதியைச் சமஸ்கிருத முறையில் அமைத்தது. கணக்குத் தொடங்கினால் அது எங்கேயும் நிற்காது. நீங்கள் குழுவில் திகதி அடிக்கிற எண் வடிவம் இந்தியாவிலிருந்து பக்தாத் போய், அங்கே அல் குவாரிஸ்மி கையில் பட்டு, லத்தீனுக்குப் போய், வெள்ளைக்காரன் அச்சோடு நமக்குத் திரும்பி வந்தது. நமக்கே சொந்தமான தமிழ் எண்களை நாமே மறந்துவிட்டோம். யார்மேல் கேஸ் போடுவது?

சரி, இதெல்லாம் பூண்டுலோயாவில் இருக்கிற எங்களுக்கு எதுக்கு? இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டவங்க இருக்காங்க. பதில் சொல்றோம்.

நாங்கள் படித்த வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வினைச்சொல்தான் கிடைத்தது: கொண்டுவரப்பட்டார்கள். கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள், பிறகு தேயிலைக்காக. துறவிகள் வந்தார்கள், வணிகர்கள் வந்தார்கள், மன்னர்கள் படையெடுத்து வந்தார்கள். எங்கள் பாட்டி மட்டும் கொண்டுவரப்பட்டாள், சாக்குமூட்டை மாதிரி. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தது அவளுடைய கால். 2023இல் இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் போனவர்களுக்குத் தெரியும், அந்தத் தூரத்தை யாரும் யாரையும் 'கொண்டு' போக முடியாது. அவள் தலைக்குள்ளே காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் பிள்ளைப்பேறு பார்க்கிற கைப்பக்குவமும் இருந்தது. அதையெல்லாம் ஒருத்தரும் அறிவு என்று பதியவில்லை. துண்டு போட்டுத் தலை எண்ணினாங்க, அவ்வளவுதான்.

இப்போ தேயிலையைப் பாருங்க. செடியும் செய்முறையும் சீனத்து அறிவு. 8ஆம் நூற்றாண்டில் லூ யூ அதைப் பற்றித் தனிநூலே எழுதிவிட்டார். ஜப்பானுக்குத் துறவிகள் கொண்டுபோனார்கள். 'தே' என்ற சொல்லே தென்சீனக் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பல் வழியாக வந்தது. தரை வழியாகப் போன ஊர்களில் 'சா', 'சாய்' என்று வழங்குது. நாங்கள் காலையில் தேத்தண்ணி கேட்கும்போது வாயில் வருவது ஒரு சீனக் கிராமத்துச் சொல். 19ஆம் நூற்றாண்டில் அசாமில் வெள்ளைக்காரன் தேயிலை போட்டபோது சீனத்துத் தொழிலாளர்களைக் கூட்டிவந்து செய்முறையைக் கத்துக்கொண்டான். அங்கே ஏற்கெனவே தேயிலையை அறிந்திருந்த சிங்போ மக்களிடமிருந்தும் கத்துக்கொண்டான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கினார் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டினார்கள் என்றும் சொல்லும். உருட்டிய கைகள் யாருடையவை? டெய்லருக்குச் சிலை இருக்கு.

தேயிலையைத் தமிழன்தான் கண்டுபிடித்தான் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் அதுவும் இன்னொரு மஞ்சள் எழுத்து ஃபார்வர்டு. சீனத்துக் கைகளில் இருந்தது எங்கள் கைகளுக்கு வந்தது, வந்த வழியில் நிறைய மாறியது. சங்கிலியில் நாங்களும் ஒரு கண்ணி. அதை யாராவது ஒத்துக்கொள்ளணும் என்கிறோம்.

எங்கள் அம்மா ஒரு மலையைப் பார்த்த உடனே கவ்வாத்து வெட்டி எத்தனை நாளாச்சு என்று சொல்வாங்க. மட்டக்கம்பை வைத்துப் பார்க்காமலே மட்டம் தப்பினதைக் கண்ணால் பிடிப்பாங்க. வளர்ச்சி நின்ற மொட்டு எது, இன்னும் ரெண்டு நாள் விடவேண்டிய கொழுந்து எது என்று விரல் முடிவெடுக்கும், கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். ஸ்டோரில் டீமேக்கர் புளிக்க வைத்த தூளைக் கையில் அள்ளி மோந்து பார்த்து, இன்னைக்கு மழை ஈரம், இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்பார். இது வேதியியல். பட்டம் வாங்கியவர் சொன்னால் தொழில்நுட்பம், லயத்தில் இருந்து வந்தவர் சொன்னால் பழக்கம்.

எங்கள் ஊர்த் தோட்டங்களின் பெயர்களைக் கொஞ்சம் கவனிங்க. ஈட்டன், ஹரோ. ரெண்டும் இங்கிலாந்தின் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்கள். டன்சினன், ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வருகிற ஸ்கொட்லாந்து மலை. துரைமார் தங்கள் பள்ளிக்கூடப் பெயரை மலைக்கு வைத்தாங்க. அந்த மலையில் கொழுந்தெடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இருந்ததோ, பல தோட்டங்களில், ஐந்தாம் வகுப்போடு முடிகிற ஒற்றை அறைப் பாடசாலை. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகுதான் அந்த நிலை மெல்ல மாறத் தொடங்கியது.

"பெருமை இல்லாட்டி நம்ம புள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை எப்பிடித் தம்பி வரும்?" என்று பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி, நாங்கள் சிரிக்கவில்லை. கேவலப்படுத்தப்பட்டவர்களுக்குப் பெருமை ஒரு மருந்துதான். ஆனால் இந்த மருந்தை விற்கிறவன் யாரென்று பாருங்க. ராஜராஜன் கப்பல் படம் போட்டு "தமிழன்டா" என்று அனுப்புகிற அதே ஆள், நம்ம பிள்ளை கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனால் "தோட்டக்காட்டான்" என்கிறான். சோழன் கப்பலில் நமக்கு இடம் உண்டு, அவன் வீட்டு முன்னறையில் இல்லை. ராஜாவின் பேரன் என்று சொல்லிக்கொள்வதால் லயத்துப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? தன் சொந்தப் பாட்டியைத் தாண்டிக் குதித்து ஆயிரம் வருஷத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்றாங்க. நடுவில் இருக்கிற இருநூறு வருஷம் அவமானமா?

பக்கத்து மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அப்படிக் குதிக்கவில்லை. தோட்டத்துப் பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதித் தொகுத்தார். தேயிலைத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய அவருடைய பேர்போன நீண்ட கவிதையை ஆங்கிலத்தில் எழுதினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சக்தி பாலையா. யோசித்துப் பாருங்க, எங்களைப் பற்றிய கவிதையே எங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கு. அந்த மனுசன் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் அதைப் படித்திருக்க மாட்டோம்.

ஆகவே எங்கள் கோரிக்கை மிகச் சாதாரணமானது. உயர்தரத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு சியபஸ்லகரவும் சிதத் சங்கராவவும் என்னவென்று ஒரு பாடமாவது வரட்டும். சிங்களம் படிக்கிற பிள்ளைக்கு வீரசோழியம் வரட்டும். பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுவைக் காப்போம் என்று சத்தியம் செய்து தமிழில் கல்வெட்டு வைத்த வேளைக்காரப் படையைப் பற்றி ரெண்டு பேரும் ஒரே வகுப்பில் படிக்கட்டும். எங்கள் டவுனில் கடை வைத்திருக்கிற முக்கால்வாசிப் பேருக்கு ரெண்டு மொழி தெரியும். பஸ் நிலையத்தில் பத்து நிமிஷம் நின்றால் கேட்கலாம். அந்தத் திறமைக்குப் பள்ளிக்கூடத்தில் புள்ளி இல்லை. மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்று அரச அலுவலகங்களில் காரணம் சொல்லும்போது எங்களுக்கு எரிச்சல்தான் வருது.

நாங்கள் சும்மா கத்திக்கொண்டிருக்கவும் இல்லை. ஓய்வு பெற்ற டீமேக்கர் ஒருவரையும் கொழுந்தெடுத்த மூன்று அம்மாக்களையும் போனில் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறோம். வேலைச் சொற்கள், மழைக் குறிகள், கொழுந்து வாடும் கணக்கு எல்லாம். முதல் நாள் டீமேக்கர் ஐயா எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இதை சிங்களத்திலயும் போடுவீங்களா தம்பி, என்கூட ஸ்டோர்ல முப்பது வருஷம் நின்ன பண்டா மாத்தயா இன்னும் இருக்காரு, அவருக்கு எங்கெங்க நான் பிழையாச் சொல்றேன்னு தெரியும். போடுவோம் என்று சொல்லியிருக்கிறோம். சிங்களம் எழுதத் தெரிந்தவர்கள் ரெண்டு பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாங்க, தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.